வெள்ளி நீர் வியாபாரம்: போத்தலில் அடைக்கும் முன் கணக்குப் பாருங்கள்

"வீட்டிலிருந்தே செய்யலாம், முதல் குறைவு, இலாபம் அதிகம்" என்று சொல்லப்படும் தொழில்கள் பற்றி எமது சகோதரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கொரோனா காலத்துக்குப் பின்னர் அந்தக் கேள்விகளில் வெள்ளி நீரும் செப்பு நீரும் அடிக்கடி இடம்பெறுகின்றன. வெள்ளிக் கம்பி இரண்டையும் பெட்டரியையும் வைத்துக் கிருமிகளைக் கொல்லும் நீரைத் தயாரித்து, சிறிய போத்தல்களில் அடைத்து விற்கலாம் என்பதே யோசனை. கிழக்கிலிருந்து தொலைபேசியில் பேசிய ஒரு சகோதரர் நேரடியாகவே கேட்டார்: "நானா, மெஷினுக்கு மூணு லெச்சம் கேக்கிறாங்க. பொஞ்சாதிட நகைய அடகு வெச்சா காசு வரும். எறங்கலாமா?"

நகையை வட்டிக்கு அடகு வைத்துத் தொடங்கும் தொழிலில் பரகத் கிடைக்குமா என்பது தனியான கேள்வி. அதை ஒரு புறம் வைத்துவிட்டு, தொழிலை மட்டும் எடுத்து அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு சற்று விரிவாகத் தருகின்றேன்.

கிருமியைக் கொல்வது உண்மையே

முதலில் நியாயமாகப் பேசுவோம். வெள்ளியும் செம்பும் கிருமிகளைக் கொல்லும் என்பது கட்டுக்கதை அல்ல. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மகப்பேற்று வைத்தியர், 1880ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைகளின் கண்களில் நூற்றுக்கு 2 வீதமான வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஒரு துளி இடத் தொடங்கினார். அதற்கு முன்னர் அவரது மருத்துவமனையில் நூறு குழந்தைகளில் பத்துப் பேரளவில் கண் நோய்க்கு ஆளாகி, சிலர் பார்வையையும் இழந்தனர். அந்த ஒரு துளியின் பின்னர் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. தீக்காயங்களுக்குப் பூசப்படும் வெள்ளி சல்பாடயசின் களிம்பு 1968இல் அறிமுகமாகி உலகெங்கும் வைத்தியசாலைகளில் இடம்பிடித்தது.

செம்பும் அவ்வாறே. செம்புக் குடத்தில் நீரை இரவு முழுவதும் வைத்திருப்பது எமது பெரியவர்களின் வழக்கம். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் பக்றீரியாக்கள் கலந்த நீரைச் செம்புப் பாத்திரத்தில் 16 மணித்தியாலம் வைத்தபோது அவை அழிந்தன என்றும், நீரில் சேர்ந்த செம்பின் அளவு உலக சுகாதார அமைப்பின் எல்லைக்குள்ளேயே இருந்தது என்றும் பெங்களூரில் நடந்து 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், நூற்றுக்கு 60 வீதத்துக்குக் குறையாத செம்பு கொண்ட உலோகக் கலவைகளைக் கிருமி கொல்லும் மேற்பரப்புகளாகப் பதிவு செய்தது.

ஆனால் இவை ஒவ்வொன்றிலும் ஓர் அளவும் ஓர் இடமும் இருப்பதைக் கவனியுங்கள். கண்ணுக்கு 2 வீதம், அதுவும் ஒரு துளி. களிம்பு காயத்தின் மேலே. செம்பு கதவின் கைப்பிடியிலே. அந்த அமெரிக்கப் பதிவுங்கூட, வழமையான சுத்தப்படுத்தலைக் கைவிடாமல் இரண்டு மணித்தியாலத்தில் நடப்பது என்ன என்பதை மட்டுமே சொல்ல அனுமதித்தது. மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது இந்த அளவுதான். வீட்டில் செய்யும் வெள்ளி நீரில் இல்லாமற் போவதும் இதுவேதான்.

ஆசை காட்டும் கணக்கு

தயாரிக்கும் முறை எளிது. 9 வோல்ற் பெட்டரிகள் மூன்றைத் தொடராக இணைத்தால் 27 வோல்ற். அதன் இரு முனைகளிலும் தூய வெள்ளிக் கம்பிகள். அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் தொங்கவிட்டால், நேர் முனைக் கம்பியிலிருந்து வெள்ளி அயன்களாகவும் நுண்ணிய துகள்களாகவும் நீரில் இறங்கும். இலட்ச ரூபாய்க்கு விற்கப்படும் மெஷின்களின் உள்ளே நடப்பதும் அடிப்படையில் இதுவே. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு சுற்றும், நேரம் பார்க்க ஒரு கடிகாரமும் கூடுதலாக இருக்கலாம்.

போத்தல்களில் பீ.பீ.எம். என்று ஓர் எண் போடப்படும். அது ஒரு லீற்றரில் உள்ள வெள்ளியின் மில்லி கிராம் அளவு. 10 பீ.பீ.எம். என்றால் லீற்றருக்கு 10 மில்லி கிராம். அப்படியானால் ஒரு கிராம் வெள்ளியில் 100 லீற்றர் செய்யலாம். 100 மில்லி லீற்றர் போத்தலில் அடைத்தால் 1,000 போத்தல்கள்! ஒரு போத்தலிலுள்ள வெள்ளியின் விலை வெறும் போத்தலின் விலைக்குக் கூட வராது. கேட்ட உடனே எந்த வியாபாரிக்கும் வாயூறும்.

ஆனால் எமது தொழிலில் ஒரு பழைய பாடம் உண்டு. அடக்க விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையில் இத்தனை பெரிய இடைவெளி இருந்தும் பெரிய கம்பனிகள் கை வைக்கவில்லை என்றால், கணக்கில் எழுதப்படாத ஒரு செலவு எங்கேயோ ஒளிந்திருக்கின்றது.

அளவு தெரியாத சரக்கு

அந்தச் செலவின் முதற் பகுதி அளவு. மின்பகுப்புக் கணக்கு பாடசாலையில் படித்ததுதான். 1 மில்லி அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 4 மில்லி கிராம் வெள்ளி கம்பியை விட்டுக் கழலும். ஒரு லீற்றர் நீரானால் அது அதிகபட்சம் 4 பீ.பீ.எம். எனினும் நீரில் அயன்கள் சேரச் சேர மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும். கழன்ற வெள்ளியில் ஒரு பங்கு மற்றைய கம்பியில் கரிய பாசி போலப் படியும். இன்னொரு பங்கு அடியில் மண்டியாகும். இன்று செய்ததும் நாளை செய்வதும் ஒரே அளவாக இருக்காது.

ரீ.டீ.எஸ். மீற்றரைப் போத்தலுக்குள் விட்டு எண்ணைக் காட்டுவார்கள். அந்தக் கருவி அளப்பது நீரின் மின்கடத்தலை மட்டுமே. நீரில் மிதக்கும் வெள்ளித் துகள்கள் அதற்குத் தெரியாது. சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சி, கோடு தெரிகிறது பாருங்கள் என்பார்கள். நீரில் துகள் உண்டு என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் சொல்லாது. வெள்ளியின் அளவைச் சரியாக அறிய வேண்டுமானால் ஆய்வுகூடத்தில் உலோகப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். தொகுதிக்குத் தொகுதி அதைச் செய்யும் செலவைச் சேர்த்துப் பாருங்கள், "முதல் குறைவு" என்ற பேச்சு அடிபட்டுப் போகும்.

இரண்டாவது, சரக்குக் கெடுதல். குழாய் நீரில் குளோரைட்டு உண்டு. அதனுடன் வெள்ளி சேர்ந்தால் வெள்ளி குளோரைட்டாக மாறிப் பால் போல் கலங்கும். மின்னோட்டம் விரைவாக ஓடட்டும் என்று சிலர் ஒரு சிட்டிகை உப்பைப் போடுவதும் இதே விளைவையே தரும். வெள்ளி உப்புகள் வெளிச்சம் பட்டால் கறுக்கும். பழைய புகைப்படச் சுருள் வேலை செய்ததே இந்தக் குணத்தால்தான். வெயில் விழும் கடை இராக்கையில் கண்ணாடிப் போத்தலில் நிற்கும் நீர், வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்போது நீங்கள் அடைத்த நீராக இருக்காது.

நீல நிறமான மனிதர்

இனி வாடிக்கையாளரின் உடம்பைப் பார்ப்போம். விழுங்கும் வெள்ளி முழுவதும் வெளியேறுவதில்லை. ஒரு பங்கு தோலிலும் ஈறுகளிலும் உள்ளுறுப்புகளிலும் தங்கும். நாட்பட்டால் தோல் நீலச் சாம்பல் நிறமாகும். ஆஜீரியா எனப்படும் இந்த நிறமாற்றம் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ், 2000ஆம் ஆண்டுக் கணினிக் குழப்பத்தால் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சி, 1999 முதல் தாமே வீட்டில் வெள்ளி நீர் செய்து குடித்து வந்தார். 2002இல் செனற் தேர்தலில் அவர் போட்டியிட்டபோது உலகப் பத்திரிகைகள் எழுதியது அவரது கொள்கையைப் பற்றியல்ல, நீலமாகிப் போன முகத்தைப் பற்றி.

குடிநீரில் லீற்றருக்கு 0.1 மில்லி கிராம் வரையான வெள்ளியை ஆயுள் முழுவதும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் கணிப்பு. 10 பீ.பீ.எம். நீர் அதனைப் போல் நூறு மடங்கு. இதுதவிர, தைரொயிட் சுரப்பிக்காக எடுக்கும் மாத்திரையையும் சில அன்டிபயோட்டிக் மருந்துகளையும் உடம்பு உள்வாங்குவதை வெள்ளி தடுக்கக்கூடும். உங்களிடம் போத்தலை வாங்கும் உம்மாமார் இம்மாத்திரைகளை எடுப்பவரா என்று நீங்கள் கேட்கப் போவதில்லை. அவரும் சொல்லப் போவதில்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 1999இலேயே, வெள்ளிக் கூழ்மம் கலந்த, வைத்தியரின் சீட்டின்றி விற்கப்படும் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கப்படமாட்டா என அறிவித்தது. 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு வெள்ளிக் கரைசல் எனக் கூறி விற்ற பிரபல தொலைக்காட்சிப் போதகர் ஒருவரின் நிகழ்ச்சிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. மிசூரி மாநிலம் தொடர்ந்த வழக்கு 2021இல் சமரசத்தில் முடிந்தபோது, வாங்கியோருக்கு ஏறக்குறைய 156,000 டொலர் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியதாயிற்று.

நாமும் இதிலிருந்து தூரத்தில் இல்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு என்று கொடுக்கப்பட்ட பாணியை வாங்க ஆயிரக்கணக்கில் சனம் திரண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அதைப் பகிரங்கமாக அருந்திய அப்போதைய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. பயத்தில் இருக்கும் சனத்துக்கு எதையும் விற்கலாம். அதனாலேயே விற்பவன் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

செம்பின் நன்மையும் தீமையும்

செம்பு வேறு வகை. அது உடம்புக்குச் சிறிதளவு தேவையான உலோகம். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லி கிராம் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு எல்லை வகுத்துள்ளது. சாதாரண நீரைச் செம்புக் குடத்தில் வைப்பதால் இந்த எல்லையைத் தாண்டுவது அரிது. ஆனால் தேசிக்காய்ச் சாற்றையோ புளி கரைத்த நீரையோ அதில் வைத்தால் அமிலம் செம்பைக் கரைத்து இழுத்துவிடும். குமட்டலும் வாந்தியும் வரும். புரியாணிச் செம்புகளுக்கு எமது சமையற்காரர்கள் காலாகாலத்தில் ஈயம் பூசுவது இதற்காகத்தான். செம்பையும் பெட்டரியில் இணைத்து "செப்பு நீர்" செய்து குடிக்கக் கொடுப்பவர்கள், குடம் பல மணித்தியாலம் எடுத்துச் செய்வதைச் சில நிமிடங்களில் செய்கின்றார்கள். எல்லை எங்கே தாண்டியது என்று அவர்களுக்கே தெரியாது.

வீட்டில் செய்யத்தக்க ஒரு கலவை

கையால் கலந்து, அன்றைக்கே பயன்படுத்தி, உலகம் முழுவதும் பலன் கண்ட செப்புக் கலவை ஒன்று உண்டு. ஆனால் அது மனிதனுக்கு அல்ல, பயிருக்கு. பிரான்சின் போர்டோ நகருக்கு அண்மையில் வீதியோரத் திராட்சைகளைத் திருடர் பறிக்காதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்கள். அவ்வாறு தெளித்த கொடிகளுக்குப் பூஞ்சண நோய் வரவில்லை என்பதை 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். அதுவே போர்டோ கலவை. எமது நாட்டில் 1869இல் கண்டறியப்பட்ட துரு நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்து முடியும் தறுவாயில்தான் அது வந்தது. கோப்பியைக் காப்பாற்றப் பிந்திய செம்பு, தேயிலைக்குக் கைகொடுத்தது. 1946இல் இங்கு பரவிய தேயிலைக் கொப்புள நோயைக் கட்டுப்படுத்தியவை செப்புப் பூஞ்சணகொல்லிகளே.

அளவு இதுதான்: 10 லீற்றருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு. இரண்டையும் வெவ்வேறு பிளாஸ்ரிக் வாளிகளில் ஐந்து ஐந்து லீற்றர் நீரில் கரைக்க வேண்டும். இரும்பு வாளி, தகர வாளி கூடாது. சுண்ணாம்பு நீரைக் கலக்கிக்கொண்டே மயில்துத்த நீரை அதனுள் ஊற்ற வேண்டும். பளபளப்பான கத்தி அலகு ஒன்றைச் சற்று நேரம் உள்ளே வைத்து எடுங்கள். சிவப்புப் படிவு இருந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், அப்படியே தெளித்தால் இலை கருகும். துணியில் வடித்து அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். கையுறை அணியுங்கள். மீதியை ஆற்றிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். செம்பு மீன்களுக்குக் கடும் நஞ்சு.

இந்தக் கலவை போத்தலில் கடைக்கு வராததன் காரணத்தை எமது சகோதரர்கள் யோசிக்க வேண்டும். வைத்திருந்தால் துகள்கள் திரண்டு அடியில் இறங்கி, இலையில் ஒட்டும் சக்தியை இழந்துவிடுகின்றது. செய்பவரே பாவிப்பவராகவும் இருக்கும்போது நல்லதாயிருக்கும் பொருள், போத்தலில் அடைத்து மாதக் கணக்கில் வைத்து விற்கும்போது நல்லதாயிராது. வெள்ளி நீருக்கும் இதே பாடம் பொருந்தும்.

லேபலில் எழுதும் ஒரு சொல்

சட்டம் உங்களைப் பிடிப்பது பெரும்பாலும் லேபலிலுள்ள சொல்லை வைத்துத்தான். "நோயைக் குணப்படுத்தும்" என்று எழுதினால் அது மருந்து. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் பதிவும் அனுமதிப்பத்திரமும் இன்றி மருந்தைத் தயாரிக்கவோ விற்கவோ முடியாது. "குடிநீர்" என்று எழுதினால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். "பயிர்ப் பூஞ்சணத்துக்கு" என்று எழுதினால் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். ஒன்றையும் எழுதாமல் வாயால் மட்டும் சொல்லி விற்றாலும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாடிக்கையாளரை ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்கின்றது. மெஷினை விற்றவரின் பெயர் லேபலில் இராது. உங்கள் பெயரும் முகவரியும்தான் இருக்கும்.

சட்டத்துக்கு மேலான ஒரு கணக்கும் எமக்கு உண்டு. வைத்தியம் அறியாதவன் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவனே பொறுப்பாளி என்ற கருத்து ஹதீஸில் வந்துள்ளது. தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியை நபிகளார் (ஸல்) கண்டித்த சம்பவத்தை நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கின்றோம். அந்த வியாபாரிக்கு உள்ளே ஈரம் இருப்பது தெரிந்திருந்தது. எமது போத்தலுக்குள் இருப்பது எவ்வளவு என்று எமக்கே தெரியாதபோது, அதன் மேல் ஓர் எண்ணை அச்சிடுவதை என்னவென்று சொல்வது?

அப்படியானால் எதில் இறங்கலாம்?

வெள்ளியிலும் செம்பிலும் நேர்மையான வியாபாரம் இருக்கின்றது. முதலாவது, வெள்ளி பூசிய மட்பாண்ட நீர் வடிகட்டி. 1981இல் குவாத்தமாலாவில் உருவான இந்த முறையில் வெள்ளி களிமண் சுவரோடு ஒட்டியிருந்து வேலை செய்கின்றது. நீரில் சேர்வது மிகச் சொற்பம். 2004 சுனாமியின் பின்னர் எமது கரையோரக் குடும்பங்களுக்கும் இவ்வடிகட்டிகள் வழங்கப்பட்டன. மணித்தியாலத்துக்கு ஒன்று முதல் மூன்று லீற்றர் வடியும். பக்றீரியாவுக்கு நல்லது, வைரசுகளுக்குப் பலவீனமானது. இதை மறைக்காமல் வாடிக்கையாளருக்குச் சொல்லியே விற்கலாம்.

இரண்டாவது, நல்ல செம்புப் பாத்திரங்களும் அவற்றுக்கு ஈயம் பூசும் சேவையும். புதிய பாத்திரத்தை விற்கும் கடைகள் பல, பழையதற்கு ஈயம் பூசித் தருவோர் குறைந்து வருகின்றனர். கல்யாண வீடுகளும் சமையற்காரர்களும் இருக்கும் ஊரில் இது நிலையான வருமானம் தரும். பூசும் வெள்ளீயத்தில் காரீயக் கலப்பு இல்லாதிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாவது, விவசாயப் பிரதேசமானால் உரிய அனுமதி பெற்ற விவசாய மருந்துக் கடை. கலக்கும் முறையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரரை விவசாயி விட்டுப் போகமாட்டார்.

அதற்கும் மேல் வெள்ளி நீர்தான் வேண்டும் என்பவர்கள், மெஷினுக்கு முற்பணம் கொடுக்கும் முன்னர் விற்பவரிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, கடைசியாகச் செய்த தொகுதிக்கான ஆய்வுகூடப் பகுப்பாய்வு அறிக்கை. இரண்டு, இந்நாட்டில் அதனை விற்பதற்கான பதிவு இலக்கம். மூன்று, வாடிக்கையாளர் வழக்குத் தொடர்ந்தால் நட்டத்தில் பங்கேற்பதாக அவரது கையொப்பம். மெஷினை விற்க அவசரப்படுபவர் மூன்றாவதைக் கேட்டதும் பேச்சை மாற்றினால், உங்கள் பணத்தைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வேறு தொழிலைத் தேடுங்கள். ஹலாலான சம்பாத்தியத்துக்கு வழிகள் ஏராளம். வல்ல அல்லாஹ் அவற்றில் பரகத் செய்வானாக.